காற்றுக்கு எதிரே ஒரு சைக்கிள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை எம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஜனவரியில் ஒரு லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவாக உயர்ந்தது. ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என மறுநாளே அரசாங்கம் அறிவித்தது. எங்கள் வாப்பாவின் மோட்டார் சைக்கிள் எரிபொருள் வரிசையில் நின்ற இரண்டு இரவுகளும் வாப்பா அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். உம்மா கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அப்போது எனக்கு 13 வயது.

அந்த மாதத்தின் முதலாம் திகதிதான் என் ராத்தா சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்திருந்தார். உயிரியல் பிரிவில் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய தோழிகள் உடனேயே புத்தளம் நகரில் உயர்தர வகுப்புகளுக்குச் செல்லத் தொடங்கினார்கள். எங்கள் வீடு பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வீதியில் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகருக்கு 11 கிலோமீற்றர். பஸ் வண்டிகள் எப்போது வரும் என்று சொல்ல முடியாத காலம் அது. ஜூலையில் கியூஆர் முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. வாப்பாவின் தொழிலுக்கே அது போதவில்லை. ராத்தா மூன்று மாத வகுப்புகளைத் தவறவிட்டார். பிறகு, நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த பாடசாலையில் கலைப் பிரிவில் சேர்ந்தார். கலைப் பிரிவு குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ராத்தாவின் பாடத்தை அந்த 11 கிலோமீற்றர் தூரமே தெரிவு செய்தது என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம்.

நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தபோது அதே தூரம் என் முன்னாலும் நின்றது. ஒரு மின் சைக்கிள் வாங்கினால் என்ன என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. வாப்பா என்னைக் கூப்பிட்டு, "பௌதிகவியல் படிக்கிறீங்கதானே மகள், கணக்குப் போட்டுக் காட்டுங்க. சரியா வந்தா வாங்குவோம்" என்றார். அந்தக் கணக்கையும், வாங்கிய பின்னர் எட்டு மாதங்களில் அறிந்துகொண்டவற்றையும் சக மாணவிகளுடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மின் சைக்கிள் என்பது என்ன?

சாதாரண துவிச்சக்கர வண்டியில் ஒரு மோட்டாரையும் ஒரு பற்றரியையும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்தால் அது மின் சைக்கிள். இது புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒக்டன் போல்ட்டன் என்பவர், பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு 1895ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அக்காலத்துப் பற்றரிகள் பாரமானவை, விரைவில் தீர்ந்துவிடுபவை. நூறு ஆண்டுகள் கழித்து, 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் மிதிப்பவரின் பலத்தை உணர்ந்து அதற்கேற்ப உதவும் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பாரம் குறைந்த இலிதியம் அயன் பற்றரி பரவலான பின்னர்தான் இந்த வண்டி உலகெங்கும் பெருகியது. இன்று சீனாவின் வீதிகளில் கோடிக்கணக்கான மின் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஜேர்மனியில் 2023இல் விற்பனையான புதிய சைக்கிள்களில் பாதிக்கும் மேற்பட்டவை மின் சைக்கிள்கள்.

எமது பகுதியிலும் எரிபொருள் நெருக்கடிக்குப் பின்னர் இவ்வண்டிகளைக் காணக்கூடியதாக உள்ளது. தோட்டத்துக்குப் போகும் விவசாயி, முன்பள்ளி ஆசிரியை, பள்ளிவாசலுக்கு வரும் வயதானவர் எனப் பலர் இதில் வருகிறார்கள். அவை இரண்டு வகைப்படும். ஒன்று, நாம் பெடலை மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவி செய்யும் வகை. மற்றையது, மோட்டார் சைக்கிளில் போல எக்ஸலேட்டரை முறுக்கினால் தானாகவே ஓடும் வகை. சில வண்டிகளில் இரண்டு வசதிகளும் உண்டு. வாங்க விரும்புபவர் முதலில் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். பின்னால் வரும் செலவு, பாதுகாப்பு, சட்டம் ஆகிய எல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

எமது கரையோரத்துக்கு ஏன் பொருந்துகிறது?

"இங்கே மலையா இருக்கிறது? சாதாரண சைக்கிள் போதாதா?" என்று உம்மம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை தரை உள்ளங்கையைப் போல் சமமானது. ஆனால் எமக்கு மலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேல் காற்று ஓயாமல் வீசும். அந்தக் காற்றுக்காகவே வெளிநாட்டவர் பட்டச் சறுக்கல் விளையாடக் கற்பிட்டிக்கு வருகிறார்கள். அதே காற்றுக்காகவே மாம்புரியில் காற்றாலைகள் நிற்கின்றன. விளையாட வருபவருக்கும் காற்றாலைக்கும் அது வரம். பாடசாலை விட்டுச் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைக்கு அது ஏற்றம்.

இதைப் பௌதிகவியல் கணக்காகப் பார்ப்போம். காற்று எம்மைத் தடுக்கும் விசை, எமக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் சார்பு வேகமும் 15 தான். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று எதிரே வீசினால் சார்பு வேகம் 35 ஆகிறது. 35ஐ 15ஆல் வகுத்து வர்க்கித்தால் 5.4 வரும். அதாவது காற்றின் தடை ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும் ஒருவருக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கின்படி, காற்றில்லாத வேளையில் ஏறத்தாழ 55 வாற்று வலு போதும். எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காக்க 165 வாற்று வரை தேவைப்படும். பயிற்சி இல்லாத ஒருவர் களைக்காமல் தொடர்ந்து மிதிக்கக்கூடியது 75 முதல் 100 வாற்று வரைதான். மிகுதியை மோட்டார் தரும். 250 வாற்று மோட்டாருக்கு அது பெரிய வேலை அல்ல.

மாலை வகுப்பு முடிந்து காற்றுக்கு எதிரே 11 கிலோமீற்றர் மிதித்து வரும் மாணவிக்கு அன்றிரவு படிக்கப் பலம் இருக்காது. மின் சைக்கிளில் எனக்கு அந்தப் பயணம் 35 நிமிடம். வியர்க்கும், ஆனால் களைப்பு இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் முன்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. பஸ் நிறைந்து வந்தால் நிற்காமலே போய்விடும் நாட்களும் உண்டு.

ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம்?

விற்பனையாளர் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பக் கூடாது. பற்றரியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ற்றளவு, மற்றது அம்பியர் மணித்தியாலம். இரண்டையும் பெருக்கினால் பற்றரி கொள்ளும் சக்தி வாற்று மணித்தியாலத்தில் கிடைக்கும். எங்கள் வண்டியின் பற்றரி 36 வோல்ற்று, 10 அம்பியர் மணித்தியாலம். எனவே அதில் 360 வாற்று மணித்தியாலம் உண்டு. பெடலை மிதித்துக்கொண்டு மோட்டாரின் உதவியைப் பெற்றால் ஒரு கிலோமீற்றருக்கு 10 முதல் 15 வாற்று மணித்தியாலம் செலவாகும். ஆகவே 24 முதல் 36 கிலோமீற்றர் வரை ஓடலாம். எங்கள் வண்டியின் பெட்டியில் 50 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தது. காற்று அடிக்கும் ஜூன் மாதத்தில் எனக்குக் கிடைத்தது 28. போய்வர எனக்குத் தேவை 22. எனவே போதுமானது. ஆனால் கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு நாளாந்தம் வரும் சகோதரிக்கு இது போதாது. அவருக்குப் பஸ்தான் வழி. மின் சைக்கிள் எல்லோருக்கும் உரிய தீர்வு அல்ல. ஒரு பக்கத்துக்கு 12 கிலோமீற்றர் வரையான பயணத்துக்கே இது சிறந்தது என்பது என் முடிவு.

உண்மையான செலவு எது?

"சார்ஜ் பண்ணினா போதும், செலவே இல்லை" என்பார்கள். இதுதான் பலரை ஏமாற்றும் பேச்சு. மாதத்தில் 24 நாட்கள், நாளுக்கு 22 கிலோமீற்றர் என்றால் 528 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 12 வாற்று மணித்தியாலம் வீதம் கணக்கிட்டு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மாதத்துக்கு ஏழரை அலகு மின்சாரம். ஒரு அலகுக்கு 50 ரூபா என்று கூட்டியே வைத்தாலும் 375 ரூபாதான். அதே தூரத்தை லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் போனால் 11.7 லீற்றர் பெற்றோல் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 3,500 ரூபாவுக்கு மேல். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் மின் சைக்கிள் இலவசம் போலத் தெரியும்.

ஆனால் பற்றரியும் ஒரு செலவுதான். அது தேய்ந்துகொண்டே போகும் பொருள். ஈய அமிலப் பற்றரி ஏறத்தாழ 300 தடவைகள் முழுமையாக சார்ஜ் செய்வதைத் தாங்கும். இலிதியம் பற்றரி 500 தடவைகளும் அதற்கு மேலும் தாங்கும். உதாரணத்துக்கு, புதிய பற்றரி ஒன்று 60,000 ரூபா என்றும் அது மூன்று வருடம் உழைக்கும் என்றும் கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,670 ரூபா. மின் கட்டணத்துடன் சேர்த்தால் 2,045 ரூபா. பெற்றோலை விட இது இன்னும் குறைவுதான், ஆனால் இலவசம் அல்ல. இந்தப் பணத்தை மாதாமாதம் ஒதுக்கி வைக்காத குடும்பத்துக்கு மூன்றாம் வருடத்தில் ஒரே நாளில் பெரிய செலவு வந்து நிற்கும்.

எங்கள் அயலில் உள்ள மாமி ஒருவருக்கு அதுதான் நடந்தது. விலை குறைவு என்று ஈய அமிலப் பற்றரி உள்ள வண்டியை வாங்கினார். பற்றரி மட்டுமே 16 கிலோகிராம் பாரம். பதினான்கு மாதத்தில் அடுத்த ஊருக்குப் போய்வரக்கூட அது உதவவில்லை. பற்றரி தீர்ந்த பின்னர் அந்தப் பாரத்தோடு மிதிக்கவும் முடியவில்லை. வாங்கிய கடையில் அதே வகைப் பற்றரி இல்லை என்றார்கள். பல மாதங்கள் அந்த வண்டி முற்றத்தில் கோழிகள் ஏறி உட்காரும் இடமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வாப்பா, "வண்டிய விடுங்க மகள், முதல்ல பற்றரியப் பாருங்க" என்றார். கொஞ்சம் கூடிய விலை கொடுத்து, கழற்றி எடுக்கக்கூடிய இலிதியம் பற்றரியும் நன்றாக மிதிக்கக்கூடிய பெடலும் உள்ள வண்டியை வாங்கினோம். பற்றரியின் பாரம் மூன்று கிலோகிராம் அளவில்தான்.

மின் கட்டணத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எமது வீட்டு மின் பட்டியல் படிமுறையாகக் கணக்கிடப்படுகிறது. 60, 90, 120 அலகு என்ற எல்லைகளைத் தாண்டும்போது கட்டணம் ஏறுகிறது. 88 அலகு பாவிக்கும் வீட்டில் ஏழரை அலகு கூடினால் 90ஐத் தாண்டிவிடும். அப்படியானால் வேறெங்காவது அநாவசியமாக எரியும் மின்குமிழ் ஒன்றை அணைத்துச் சமப்படுத்தலாம்.

உப்பும் மணலும்

உப்பு விளையும் ஊர் நம்முடையது. அந்த உப்புக் காற்று இரும்பை அரிக்கும். மின் சைக்கிளில் செயினும் திருகுகளும் துருப்பிடிப்பதோடு, மின் இணைப்புகளிலும் பச்சை நிறத்தில் அரிப்பு ஏற்படும். மோட்டார் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது என்று பலர் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வாரத்துக்கு ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் இட வேண்டும். குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவக் கூடாது. இணைப்புகளைக் காய்ந்த துணியால் சுத்தம் செய்து இறுக்கிப் பொருத்த வேண்டும். மணற் பாதையில் எக்ஸலேட்டரை முறுக்கினால் சக்கரம் சுழன்று மோட்டார் சூடாகும். அவ்விடத்தில் இறங்கித் தள்ளுவதே நல்லது. மாரி மழையில் வீதியில் நீர் தேங்கினால் சக்கரத்தின் நடுவில் உள்ள மோட்டார் நீரில் மூழ்கும்படி ஓட்டக் கூடாது.

பாதுகாப்பு

பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி இதுதான். முதலில் வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைப் பார்ப்போம். நியூயோர்க் நகரில் 2023இல் இலிதியம் பற்றரிகளால் ஏற்பட்ட தீயில் 18 பேர் உயிரிழந்தனர். தரமற்ற பற்றரியும் பொருந்தாத சார்ஜரும் இத்தகைய தீ விபத்துகளுக்கு முக்கிய காரணங்கள். ஆகவே வண்டியுடன் வந்த சார்ஜரையே பாவிக்க வேண்டும். விழுந்து நசுங்கிய பற்றரியை, வீங்கிய பற்றரியை சார்ஜ் செய்யவே கூடாது. வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிட வேண்டும். எல்லோரும் தூங்கும் நேரத்திலும், வாசற்படி அருகிலும், மெத்தை, துணிகளுக்குப் பக்கத்திலும் சார்ஜ் செய்யக் கூடாது. எங்கள் வீட்டில் அஸர் தொழுகைக்குப் பின் சீமெந்துத் தரையில் வைத்து சார்ஜ் செய்வோம், மஃரிபுக்குப் பின் நிறுத்திவிடுவோம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின் தேவை உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தைப் பெரும்பாலும் தவிர்ப்பதால் இது நாட்டுக்கும் நல்லது.

இரண்டாவது, உடை. அபாயா அணிந்து ஓட்டும்போது அது செயினிலோ பின் சக்கரத்திலோ சிக்கினால் விழுவது நிச்சயம். செயினை முழுமையாக மூடும் உறையும் பின் சக்கரத்தின் இரு பக்கமும் வலையும் பொருத்த வேண்டும். இதை எங்கள் ஊர் சைக்கிள் திருத்துநர் ஒரு மணித்தியாலத்தில் செய்து தந்தார். நிமிர்ந்து உட்காரும், நடுத்தண்டு தாழ்ந்த வண்டியே எமக்கு ஏற்றது. தலைக்கவசம் சட்டத்துக்காக அல்ல, தலைக்காக.

மூன்றாவது, வீதி. கொழும்பு–புத்தளம் வீதியில் பார வாகனங்கள் ஓயாமல் ஓடுகின்றன. மின் சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் நடப்பவருக்கு அது வருவது தெரியாது. மணியை அடித்துக்கொண்டே போக வேண்டும். நகருக்குள் நுழைந்தால் புத்தளத்துக் கழுதைகள் வேறு! அவை மணிக்கும் அசையா, ஹோர்னுக்கும் அசையா. ஓட்டுபவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நான்காவது, சட்டம். சீனாவில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரநிலையின்படி மின் சைக்கிளுக்குப் பெடல் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. ஐரோப்பாவில் 250 வாற்று, 25 கிலோமீற்றர் என்பது எல்லை. இந்தியாவிலும் 250 வாற்றுக்குக் குறைந்த, 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத வண்டிக்குப் பதிவு தேவையில்லை. எமது நாட்டில் மோட்டாரால் மட்டும் வேகமாக ஓடும் வண்டி மோட்டார் சைக்கிள் இனத்தையே சேரும். அதற்குப் பதிவும் இலக்கத் தகடும் சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். எம்மைப் போன்ற 18 வயது நிறையாதவர்கள் அதை ஓட்ட முடியாது. பெடல் உள்ள வண்டியாக இருந்தாலும், வாங்கும் முன் அதன் மோட்டார் வலுவையும் வேகத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவது பெற்றோரின் கடமை. விற்பவரின் வாய்ச் சொல் வீதியில் பொலிஸாரிடம் செல்லாது.

நுரைச்சோலைப் புகையை மறக்கலாமா?

மின் சைக்கிள் புகை விடுவதில்லை என்று சொல்லும்போது எமக்கு ஒரு சங்கடம் உண்டு. அதற்கான மின்சாரத்தின் புகை எமது வானத்தில்தான் எழுகிறது. 2011இல் முதல் பகுதி இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை லக்விஜய நிலக்கரி மின் நிலையம் 900 மெகாவாற்று கொண்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது தருகிறது. சாம்பலும் தூசும் பற்றி அதன் அருகே வாழும் மக்கள் நீண்ட காலமாகவே முறையிட்டு வருகிறார்கள்.

ஆகவே இதையும் கணக்கிட்டேன். நிலக்கரியில் ஒரு அலகு மின்சாரம் உற்பத்தி செய்யும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். என் வண்டிக்கான மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்தே வந்தாலும் மாதத்துக்கு 7.5 கிலோகிராம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோகிராம். எனவே அதே தூரம் ஓடும் மோட்டார் சைக்கிள் 27 கிலோகிராம் வெளியிடும். மின் சைக்கிள் குற்றமற்றது அல்ல, ஆனால் அதன் பங்கு நான்கில் ஒன்றை விடச் சற்றே கூடியது. காற்றும் சூரியனும் தரும் மின்சாரம் கூடக்கூட இது மேலும் குறையும்.

பழைய பற்றரி இன்னொரு பிரச்சினை. கொழும்புக் குப்பையை அருவாக்காலுக்குக் கொண்டு வர வேண்டாம் என்று 2018இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். அப்படிப் போராடிய ஊரில், நாமே ஈயமும் அமிலமும் கலந்த பற்றரியைக் குப்பையில் எறிவதும் களப்புக் கரையில் போடுவதும் தகுமா? ஈய அமிலப் பற்றரியைப் பழைய பற்றரி வாங்குவோரிடம் கொடுக்கலாம். இலிதியம் பற்றரியைத் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும் நாளிலேயே விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும்.

மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பார்கள். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டை நாம் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கு காரணமாக நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையும் நின்றுவிட்டது. அப்போதுதான் பெடலின் அருமை தெரியும். பற்றரி தீர்ந்தாலும் மிதித்து வீட்டுக்கு வரலாம். மின் சைக்கிளை முதலில் ஒரு நல்ல சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

பெண்பிள்ளைகளும் பயணமும்

எங்கள் வீட்டில் கணக்கு சரியாக வந்த பிறகும் உம்மாவின் மனம் ஒப்பவில்லை. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பது ஒரு பக்கம், "தனியா வருவாவே" என்ற பயம் மறுபக்கம். இந்தப் பயத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. பெற்ற மனம் அது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஒன்றை உம்மாவுக்குச் சொன்னேன். அங்கு அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுத்தபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அத்துடன் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். முதலில் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், நீர் எடுக்கவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் பிறரை எதிர்பார்க்கத் தேவையில்லை என்று ஆனபோது கேலி அடங்கியது. அங்கே சைக்கிள் எழுத்தறிவின் ஒரு பகுதியாக மதிக்கப்பட்டது.

உம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நிபந்தனைகளைச் சொன்னார். மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து வரும் மற்றத் தோழியும் நானும் சேர்ந்தே போய்வர வேண்டும். கடும் மழை நாளில் பஸ்ஸில் போக வேண்டும். மூன்றுக்கும் நான் உடன்பட்டேன். தோழியிடம் இருப்பது சாதாரண சைக்கிள். காற்று அடிக்கும் நாட்களில் நான் முன்னால் போவேன், அவள் என் பின்னால் காற்றுக்கு மறைந்து வருவாள். பாதி வழியில் வண்டியை மாற்றிக்கொள்வோம். எட்டு மாதத்தில் நாங்கள் தவறவிட்ட வகுப்புகள் இரண்டுதான், இரண்டும் மழையால்.

பெற்றோரே, மின் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. எல்லா வீட்டிலும் அதற்குப் பணம் இருக்காது. சில பிள்ளைகளின் தூரத்துக்கு அது சரிவராது. உங்கள் மகள் உயர்தரத்தில் என்ன படிப்பது என்று வீட்டில் பேசும்போது, அவருடைய பெறுபேறுகளோடு சேர்த்து வகுப்புக்கான வழியையும் கணக்கில் எடுங்கள். பஸ்ஸோ, சேர்ந்து எடுக்கும் வேனோ, சைக்கிளோ, மின் சைக்கிளோ, எது பொருந்தும் என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். வழி இல்லை என்பதற்காகப் பாடம் மாறக் கூடாது.

இப்போது எங்கள் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஓட்டுநர். ராத்தா பட்டப்படிப்பை வெளிவாரியாகத் தொடர்கிறார். அவருக்கு நகரில் ஞாயிறு வகுப்பு. முதல் நாள் போகும்போது சீற்றைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொன்னார். அவர் என்னை விட உயரம். மாலையில் திரும்பி வந்ததும் அபாயாவில் பட்டிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, "காத்து நல்லாத்தான் அடிச்சது, ஆனா வந்துட்டேன்" என்றார். நான் பற்றரியைக் கழற்றி, ஆறுவதற்குத் தரையில் வைத்தேன். அஸருக்கு அதான் சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.